மிதவை போய்ச் சவ்வு வந்த கதை

புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் ஊர் எப்படி இருக்கும் என்பதை நாம் அறிவோம். 2016 டிசம்பர் 12-இல் சென்னையை வர்தா புயல் தாக்கிய போதும், 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்த போதும் சாலைகளின் குறுக்கே மரங்கள் சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் விழுந்துவிட்டதால் மின்சாரமும் இல்லை. இத்தகைய நேரத்தில் வழியைத் திறந்துவிடும் கருவி, பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம். 'மரம் அறுக்கும் மெஷின்' என்று மக்கள் இதனைக் கூறுவர்.

ஆண்டு முழுவதும் மூலையில் கிடந்த ரம்பம், தேவைப்படும் நாளில் பல சமயம் கைவிட்டுவிடுகிறது. கயிற்றை இருபது முறை இழுத்தாலும் கிளம்புவதில்லை. கிளம்பினாலும் சில விநாடிகள் ஓடி நின்றுவிடுகிறது. நிமிர்த்திப் பிடித்தால் ஓடுகிறது, சாய்த்தால் அடங்கிவிடுகிறது. உடனே "கார்புரேட்டர் போய்விட்டது" என்று தீர்ப்புக் கூறி, திருப்புளியை எடுத்துக் கண்ணில் பட்ட திருகுகளை எல்லாம் திருப்பத் தொடங்குவார்கள். குறை வேறெங்கோ இருக்க, திருகுகள் இடம் மாறிப் போகின்றன. முன்பு ஒரு குறை இருந்த இடத்தில் இப்போது இரண்டு குறைகள்!

இந்த இயந்திரத்தில் பெட்ரோல் எவ்வழியே செல்கிறது, அவ்வழி ஏன் அவ்வாறு அமைந்தது என்பது தெரிந்தால் குறையைக் கண்டுபிடிப்பது கடினமன்று. ஏனெனில் அப்பாதையிலுள்ள ஒவ்வோர் உறுப்பும், யாரோ ஒருவர் ஒரு காலத்தில் பட்ட சிக்கலுக்குக் கண்ட விடையே ஆகும். அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

எஞ்சினுக்கு எவ்வளவு பசி?

ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிலோகிராம் காற்று வேண்டும். கன அளவில் கணக்கிட்டால் இது வியப்பூட்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று தேவை! இவ்வளவு காற்றில் இவ்வளவு சிறிதளவு பெட்ரோலை, நுண்துளிகளாகவும் ஆவியாகவும், ஒவ்வொரு விநாடியும் அளவு தவறாமல் கலந்து தர வேண்டும். பெட்ரோல் குறைந்தாலும் எரியாது, மிகுந்தாலும் எரியாது. இந்தக் கலவையைத் தயாரிப்பதே கார்புரேட்டரின் வேலை.

கார்ல் பென்ஸ் 1885-இல் உருவாக்கிய மோட்டார் வண்டியில் இவ்வேலை மிக எளிய முறையில் நடைபெற்றது. பெட்ரோலிய ஆவி எளிதில் எழும் 'லிக்ராயின்' என்னும் திரவத்தின் மேற்பரப்பின் வழியே காற்று சென்றது. போகும்போது ஆவியைச் சேர்த்துக்கொண்டு எஞ்சினுக்குள் நுழைந்தது. ஈரத்துணியின் மீது வீசும் காற்று ஈரப்பதத்தை எடுத்துச் செல்வது போன்றதே இது.

1888 ஆகஸ்டில் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், தம் இரு மகன்களுடன் அந்த வண்டியில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் பயணம் செய்தார். பெட்ரோல் நிலையம் என்ற ஒன்றே இல்லாத காலம் அது. வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில் லிக்ராயின் வாங்கி ஊற்றிக்கொண்டார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது, தம் தொப்பியில் குத்தியிருந்த நீண்ட ஊசியால் அடைப்பை நீக்கினார் என்று கூறப்படுகிறது. மோட்டார் வரலாற்றின் முதல் நெடும் பயணத்திலேயே எரிபொருள் தடைபட்டுவிட்டது! அந்த அம்மையார் எஞ்சினைப் பிரிக்கவில்லை; எரிபொருள் எங்கே நின்றுவிட்டது என்று பார்த்து, அங்கே ஊசியைச் செலுத்தினார். இன்றைய மெக்கானிக்குக்கும் இதுவே முதல் பாடம்.

இழுப்பது யார்? தள்ளுவது யார்?

எஞ்சின் பெட்ரோலை 'இழுக்கிறது' என்று நாம் சொல்கிறோம். பேச்சுக்கு அது சரி. ஆனால் இயற்பியலின்படி எந்தத் திரவத்தையும் வெற்றிடம் இழுப்பதில்லை. 1643-ஆம் ஆண்டு இத்தாலியில் டாரிசெல்லி பாதரசத்தைக் கொண்டு செய்த சோதனை இதனைத் தெளிவாக்கியது. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தமே திரவத்தைத் தள்ளுகிறது. ஓரிடத்தில் அழுத்தம் குறைந்தால், மற்றோரிடத்திலுள்ள மிகுந்த அழுத்தம் திரவத்தை அங்கே தள்ளிவிடும். இளநீரை உறிஞ்சும் குழலிலும் நடப்பது இதுவே.

1738-இல் டேனியல் பெர்னூலி வெளியிட்ட நூல், பாய்மங்களின் வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கியது. 1797-இல் இத்தாலியரான வெஞ்சூரி, குறுகிய கழுத்துள்ள குழாயில் பாய்மம் செல்லும்போது என்ன நிகழ்கிறது என்பதை ஆராய்ந்து வெளியிட்டார். கழுத்துப் பகுதியில் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. அந்தக் கழுத்தில் ஒரு நுண்துளை வைத்து அதன் மறுமுனையில் பெட்ரோலை வைத்தால், வெளிக்காற்றின் அழுத்தம் பெட்ரோலைத் துளை வழியே தள்ளிவிடும். அது காற்றோட்டத்தில் சிக்கிச் சிதறித் தூவானமாகும்.

1893-இல் இக்கருத்து கருவியாக உருப்பெற்றது. அவ்வாண்டு பிப்ரவரியில் ஹங்கேரியின் டோனாட் பாங்கியும் யானோஷ் சொங்காவும் இத்தகைய கார்புரேட்டருக்குக் காப்புரிமை கோரினர். அதே ஆண்டில் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக்கும் தம் தெளிப்புக் கார்புரேட்டரை அமைத்தார். துளையின் அருகே பெட்ரோலின் மட்டம் எப்போதும் ஒரே அளவில் இருக்க வேண்டும். அதற்காக ஒரு சிறு அறையும், அதனுள் ஒரு மிதவையும், மிதவையோடு இணைந்த ஊசி வால்வும் வைக்கப்பட்டன. பெட்ரோல் குறைந்தால் மிதவை தாழும், வால்வு திறக்கும். நிறைந்தால் மிதவை உயரும்; வால்வு மூடும். நம் வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் நிரம்பியதும் அடைத்துக்கொள்ளும் பந்து வால்வும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

மிதவைக் கார்புரேட்டர் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் மோட்டார் வாகனங்களை ஆண்டது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எது மேல், எது கீழ் என்பது மாறாமல் இருக்க வேண்டும். சாலையில் ஓடும் வண்டிக்கு இது ஒரு பொருட்டன்று. காட்டில் மரம் வெட்டுபவருக்கோ, இதுவே பெரிய தலைவலியாயிற்று.

காட்டுக்குள் வந்த எஞ்சின்

சங்கிலி ரம்பத்தின் மூதாதை பிறந்தது காட்டில் அன்று, மருத்துவமனையில்! 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் ஐட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் இருவர், எலும்பை அறுப்பதற்காகப் பற்களுள்ள மெல்லிய சங்கிலியைப் பயன்படுத்தினர். அது கையால் இயக்கப்பட்டது.

மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம் 1920-களில் ஜெர்மனியில் வளர்ச்சி பெற்றது. 1926-இல் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் மின்சாரத்தால் இயங்கும் ரம்பத்தைச் செய்தார். அதன் எடை 64 கிலோகிராம். 1927-இல் எமில் லெர்ப் என்பவர் 58 கிலோகிராம் எடையுள்ள பெட்ரோல் ரம்பத்தைத் துரிஞ்சியா பகுதியிலுள்ள டோல்மார் மலையில் சோதித்துப் பார்த்தார். 1929-இல் ஸ்டீலின் பெட்ரோல் ரம்பம் வந்தது. 6 குதிரைத்திறன், 46 கிலோகிராம். இவற்றைத் தூக்கி இயக்க இருவர் வேண்டும்.

எடையை விடவும் கடினமான சிக்கல் ஒன்று இருந்தது. நிற்கும் மரத்தை வீழ்த்த வேண்டுமானால் ரம்பத்தின் அலகு தரைக்குக் கிடையாக இருக்க வேண்டும். விழுந்த மரத்தைத் துண்டு போட வேண்டுமானால் அலகு செங்குத்தாக இருக்க வேண்டும். கிளைகளைக் கழிக்கும்போது எல்லாக் கோணங்களும் வேண்டும். எஞ்சினைச் சாய்த்தால் மிதவை தன் அறையின் சுவரில் சாய்ந்துகொள்ளும். ஒன்று, பெட்ரோல் வராது; அல்லது அளவின்றிப் பெருகி எஞ்சினை மூழ்கடித்துவிடும். ஆகவே அக்கால ரம்பங்கள் சிலவற்றில், எஞ்சின் நிமிர்ந்தே இருக்க, அலகை மட்டும் திருப்பிப் பூட்டும்படி சுழல் இணைப்பு வைத்தார்கள். ஒவ்வொரு முறை வெட்டின் திசை மாறும்போதும் நிறுத்தி, திருப்பி, பூட்டி, மீண்டும் தொடங்க வேண்டும். கருவி மனிதனுக்குப் பணிவதற்குப் பதிலாக, மனிதன் மிதவைக்குப் பணிந்தான்.

வானத்திலும் அதே நோய்

இதே நோய் அதே காலத்தில் வானத்திலும் தோன்றியது. 1940-இல் இங்கிலாந்தின் மீது நடந்த விமானப் போரில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்கள் ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சினைக் கொண்டிருந்தன. அதில் இருந்தது மிதவைக் கார்புரேட்டர். விமானி மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்தால், பெட்ரோல் மிதவை அறையின் மேற்புறத்துக்கு எறியப்பட்டு, எஞ்சின் ஒரு கணம் பட்டினியால் திணறும். அடுத்த கணம் மிதவை தவறான நிலைக்குச் சென்று வால்வு முழுதும் திறந்துவிட, பெட்ரோல் வெள்ளமாகப் பாய்ந்து எஞ்சின் அடங்கும். எதிரியான ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்திலோ சிலிண்டருக்குள் நேரே எரிபொருளைச் செலுத்தும் முறை இருந்தது. அதற்கு இத்தொல்லை இல்லை. அது மூக்கைச் சாய்த்துப் பாய்ந்து தப்பிவிடும்.

ஃபார்ன்பரோவிலிருந்த அரசு விமான ஆய்வு நிலையத்தின் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண்மணி இதை ஆராய்ந்தார். மோட்டார் சைக்கிள் பந்தய வீராங்கனையும் ஆன அவர், நடப்பவை ஒன்றல்ல, இரண்டு என்பதைக் கருத்தில் கொண்டார். முதலில் பட்டினி, பின்னர் வெள்ளம். எஞ்சினை நெடுநேரம் முடக்குவது வெள்ளமே. அதை மட்டும் தடுக்க, எஞ்சினின் உச்சத் திறனுக்குத் தேவையான பெட்ரோல் மட்டுமே செல்லும்படி அளந்து துளையிட்ட ஒரு சிறு உலோகத் துண்டைக் குழாயில் பொருத்தினார். 1941-இன் தொடக்க மாதங்களில் அவருடைய குழுவினர் விமானத் தளங்களுக்கே சென்று இதனைப் பொருத்தினர். விமானத்தைப் பணியிலிருந்து விலக்கி வைக்க வேண்டிய தேவைகூட இல்லை.

இது நோயின் ஒரு பாதிக்கு மட்டுமே மருந்து. முழு மருந்து, மிதவையையே நீக்கிவிடுவது. பிற்காலத்து மெர்லின் எஞ்சின்களில் மிதவைக்குப் பதிலாகச் சவ்வுகளின் மூலம் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பெண்டிக்ஸ்-ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர் இடம் பெற்றது. சங்கிலி ரம்பத்துக்கும் சவ்வே விடுதலை அளித்தது.

எஞ்சினே பம்ப் ஆகியது

சங்கிலி ரம்பத்தில் இருப்பது இருவீச்சு எஞ்சின். இங்கிலாந்தின் ஜோசப் டே 1889-இல் உருவாக்கிய வகையைச் சேர்ந்தது. இதில் பிஸ்டனுக்குக் கீழேயுள்ள கிராங்க் அறையும் வேலை செய்கிறது. பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க் அறையில் அழுத்தம் குறைகிறது. கீழே வரும்போது கூடுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 12,000 சுற்றுகள் சுற்றினால், விநாடிக்கு 200 முறை இந்த அழுத்தம் ஏறி இறங்கும். இது ஒரு நாடித்துடிப்புப் போன்றது.

இத்துடிப்பை ஒரு சிறு வழியாகக் கார்புரேட்டருக்குக் கொண்டு சென்று, ஒரு மெல்லிய சவ்வின் ஒரு பக்கத்தில் மோதவிட்டால், சவ்வு மேலும் கீழும் அசையும். மறுபக்கத்தில் பெட்ரோலும், உள்ளே மட்டும் விடும் வால்வும், வெளியே மட்டும் விடும் வால்வும் இருந்தால் அதுவே பம்ப். தனி மோட்டார் வேண்டாம். டேங்க் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

பம்ப் தந்த பெட்ரோலை அளந்து விடுவது இரண்டாவது சவ்வு. இதை அளவுச் சவ்வு என்போம். இதன் ஒரு பக்கம் வெளிக்காற்று. மறுபக்கம் ஒரு சிறு பெட்ரோல் அறை. வெஞ்சூரிக் கழுத்தில் அழுத்தம் குறைந்து, அறையிலுள்ள பெட்ரோல் நுண்துளைகள் வழியே வெளியேறினால், வெளிக்காற்று சவ்வை உள்ளே தள்ளுகிறது. சவ்வு ஒரு சிறு நெம்புகோலை அழுத்துகிறது. நெம்புகோல் ஊசி வால்வைத் திறக்கிறது. அறை நிரம்பியதும் சவ்வு பழைய நிலைக்குத் திரும்ப, ஒரு சிறு சுருள்வில் வால்வை மூடுகிறது. மிதவை செய்த அதே வேலை! ஆனால் மிதவை புவியீர்ப்பை நம்பியிருந்தது. சவ்வு காற்றழுத்தத்தை நம்பியிருக்கிறது. காற்றழுத்தத்துக்கு மேல், கீழ் என்ற பேதம் இல்லை. ரம்பத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் அது தவறாது.

டேங்கினுள்ளும் ஒரு மாற்றம் தேவைப்பட்டது. வளையக்கூடிய ரப்பர் குழாயின் நுனியில் கனமான வடிகட்டி ஒன்றைத் தொங்கவிட்டார்கள். ரம்பத்தை எப்படிச் சாய்த்தாலும் பெட்ரோல் எந்த மூலைக்கு ஓடுகிறதோ, அந்த மூலைக்கே வடிகட்டியும் விழும்.

1940-களின் இறுதியிலும் 1950-களிலும் சங்கிலி ரம்பம் உருமாறியது. 1947-இல் அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் காக்ஸ், மரத்தைத் துளைக்கும் வண்டுப் புழுவின் தாடையைக் கவனித்துப் புதிய வகைச் சங்கிலியை விற்பனைக்குக் கொண்டு வந்தார். சவ்வுக் கார்புரேட்டரும் எடை குறைந்த உலோகங்களும் சேர, ஒரே ஆள் எக்கோணத்திலும் பிடித்து இயக்கும் ரம்பம் பரவியது. 1959-இல் வந்த ஸ்டீல் 'கான்ட்ரா' ரம்பம் 6 குதிரைத்திறன் கொண்டது. எடை 12 கிலோகிராம். அதாவது 1929-இன் அதே திறன், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எடையில்!

பெட்ரோலைப் பின்தொடர்ந்து செல்க

இனி, கிளம்பாத நம் ரம்பத்துக்கு வருவோம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். அருகில் தீயோ, புகைபிடிப்பவரோ இருக்கக் கூடாது. இவ்விரண்டையும் உறுதி செய்துகொண்டு சோதனையைத் தொடங்கலாம்.

முதற்கேள்வி: குறை எரிபொருளிலா, தீப்பொறியிலா? கயிற்றைச் சில முறை இழுத்த பின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது. அளவுக்கு மீறியும் வந்திருக்கலாம். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. உலர்ந்த எஞ்சினின் காற்று நுழையும் வாயில் சில துளி பெட்ரோல் கலவையை விட்டு, காற்று வடிகட்டியை மீண்டும் மூடிக் கயிற்றை இழுத்துப் பார்க்கலாம். ஓரிரு விநாடி ஓடி நின்றால் தீப்பொறியும் அமுக்கமும் சரியாக உள்ளன. பெட்ரோல் மட்டுமே வழியில் நிற்கிறது என்பது தெளிவு.

அடுத்து, டேங்கிலிருந்து தொடங்கிச் செல்ல வேண்டும். டேங்கில் பெட்ரோல் குறையும்போது அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். இதற்காக, காற்றை உள்ளே விட்டுப் பெட்ரோலை வெளியே விடாத ஒரு சிறு வால்வு உண்டு. அதை மரத்தூள் அடைத்துவிட்டால், ரம்பம் நன்றாகக் கிளம்பிச் சிறிது நேரம் ஓடிப் பின் நின்றுவிடும். எஞ்சினை நிறுத்திய நிலையில் டேங்க் மூடியை மெல்லத் தளர்த்தினால் 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே நுழையும். அதன் பின் எஞ்சின் மீண்டும் ஓடும். டாரிசெல்லி சொன்னது இதுவே: தள்ளும் காற்று இல்லையேல் ஓடும் பெட்ரோலும் இல்லை. இக்குறையுள்ள ரம்பத்தின் கார்புரேட்டரை எத்தனை முறை பிரித்துக் கழுவினாலும் பயனில்லை.

பின்னர், கம்பிக் கொக்கியால் டேங்கினுள் இருக்கும் வடிகட்டியை வெளியே எடுத்துப் பார்க்கலாம். கறுத்து, அடைத்திருந்தால் மாற்ற வேண்டும். அது தொங்கும் குழாயில் வெடிப்பு இருந்தால், பெட்ரோலோடு காற்றும் நுழையும். சில ரம்பங்களில் விரலால் அழுத்தும் சிறு ரப்பர்க் குமிழ் இருக்கும். பலமுறை அழுத்தியும் அதில் பெட்ரோல் நிறையாவிட்டால், குழாயிலோ வடிகட்டியிலோ ஐயப்படலாம்.

ரம்பத்தை ஒரு பக்கம் சாய்க்கும்போது மட்டும் எஞ்சின் அடங்குகிறதா? வடிகட்டி பெட்ரோல் இருக்கும் மூலைக்குப் போகவில்லை என்று பொருள். குழாய் இறுகிப்போயிருக்கலாம் அல்லது நீளம் தவறாக இருக்கலாம். மிதவைக் காலத்து நோய், வேறு காரணத்தால் திரும்பி வந்திருக்கிறது!

இவை யாவும் சரியாக இருந்தால்தான் கார்புரேட்டரைத் திறக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் ஒரு நுண்வலை உண்டு. அதில் தூசி சேரும். பம்ப் சவ்வு சுருங்கியோ விறைத்தோ இருந்தால், கிராங்க் அறையின் துடிப்புக்கு அது அசையாது. துடிப்பு வரும் வழியே அடைபட்டிருந்தாலும் இதே நிலைதான். இத்தகைய ரம்பம் மெதுவாக ஓடும். ஆனால் விசையைக் கூட்டியதும் மூச்சுத் திணறி அடங்கும். குறைந்த வேகத்துக்குப் போதுமான பெட்ரோல், கூடிய வேகத்துக்குப் போதாது.

ஊசி வால்வின் முனையில் ஒரு தூசி சிக்கினாலும் அது சரியாக மூடாது. பெட்ரோல் வழிந்து பிளக் நனையும். அளவுச் சவ்வு விறைத்துவிட்டால் நெம்புகோலைப் போதிய அளவு அழுத்தாது. எஞ்சின் பட்டினி கிடக்கும். நல்ல சவ்வு விரலுக்குத் துணிபோல் நெகிழ்ந்து கொடுக்கும். பழையதோ காய்ந்த இலைபோல் சலசலக்கும்.

பட்டினி ஏன் ஆபத்தானது?

இருவீச்சு எஞ்சினுக்கு மசகெண்ணெய் தனியே இல்லை. அது பெட்ரோலில் கலந்தே வருகிறது. பெரும்பாலும் 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய், அதாவது லிட்டருக்கு 20 மில்லிலிட்டர். எனவே பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது. எரிதலின் வெப்பமோ கூடுகிறது. இச்சமயம் எஞ்சின் வழக்கத்தை விடக் கூர்மையான ஒலியோடு வேகமாகச் சுற்றும். 'மெஷின் நன்றாக ஓடுகிறது' என்று கேட்பவர் மகிழலாம். உண்மையில் அது அலறல். சிறிது நேரத்தில் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் உராய்ந்து கீறிக்கொள்ளும். முற்றினால் இறுகிப் பிடித்துவிடும். சில நூறு ரூபாய் வடிகட்டியில் தீர வேண்டிய குறை, எஞ்சினையே பலி வாங்கிவிடும்.

கிராங்க் அறையின் சீல் தேய்ந்தாலும், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் இணைப்பு கிழிந்தாலும், மிகைக் காற்று நுழைந்து இதே அறிகுறி தோன்றும். அப்போது திருகைத் திருப்பிப் பெட்ரோலைக் கூட்டுவது, காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் நெற்றியில் ஈரத்துணி போடுவதற்கு ஒப்பாகும். திருகுகள் நோய்க்கு மருந்தல்ல. எல்லா உறுப்பும் நலமாக இருக்கும்போது கலவையை நுட்பமாகச் சரிசெய்வதற்கே அவை உள்ளன.

நேற்றைய சவ்வும் இன்றைய பெட்ரோலும்

இன்று பழைய சவ்வுகளுக்குப் புதிய சோதனை ஒன்று வந்துள்ளது. நெடுநாள் தேங்கிய பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துபோய், பிசின் போன்ற கழிவு நுண்துளைகளை அடைப்பது பழைய தொல்லை. இப்போது பல நாடுகளில் பெட்ரோலோடு எத்தனால் கலக்கப்படுகிறது. இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலின் விற்பனை 2023 பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்கும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். கனமான வடிகட்டி போய் விழுவதும் அதே அடியில்தான்! மேலும், எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்படாத ரப்பரை அது உப்பச் செய்யலாம், இறுகவும் செய்யலாம். ஆகவே வேலை முடிந்து நெடுநாள் வைக்கப் போகும் ரம்பத்தின் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானே நிற்கும் வரை ஓடவிட்டு வைப்பது நல்லது. உற்பத்தியாளரின் கையேடு வேறு கூறினால் அதன்படி செய்க.

கருவியும் ஓய்ந்துவிடவில்லை. கலவையை எஞ்சினே உணர்ந்து திருத்திக்கொள்ளும் மின்னணுக் கட்டுப்பாடு சில ரம்பங்களில் வந்துவிட்டது. 2019-இல் விற்பனைக்கு வந்த ஸ்டீல் எம்.எஸ். 500ஐ ரம்பத்தில் கார்புரேட்டரே இல்லை. மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தப்படுகிறது. அலகும் சங்கிலியும் நீங்கலாக அதன் எடை 6.2 கிலோகிராம், திறன் ஏறத்தாழ 6.8 குதிரைத்திறன். ஆனால் அதிலும் டேங்க் உண்டு, வடிகட்டி உண்டு, குழாய் உண்டு, காற்று நுழையும் வழியும் உண்டு. அங்கே அடைப்பு ஏற்பட்டால் எந்த மின்னணு மூளையாலும் இல்லாத பெட்ரோலை அளந்து தர இயலாது.

தொப்பி ஊசியால் குழாயைச் சுத்தம் செய்த பெர்த்தா பென்ஸுக்கும், ஒரு சிறு துளையால் போர் விமானங்களைக் காத்த பியாட்ரிஸ் ஷில்லிங்குக்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு. இருவரும் எஞ்சின் 'கெட்டுவிட்டது' என்ற பொதுவான சொல்லோடு நின்றுவிடவில்லை. எரிபொருள் எந்த இடத்தில், எந்த நிலையில், ஏன் தவறுகிறது என்று கேட்டார்கள். அந்த மூன்று கேள்விகளையும் டேங்கிலிருந்து வரிசையாகக் கேட்டு வரும் மாணவன், பெரும்பாலும் திருப்புளியைத் தொடுவதற்கு முன்பே விடையைக் கண்டுவிடுவான்.